அப்பா பேசுவது எந்தக் கட்சி, எந்த வருஷம்?

2025 மே மாதக் கடைசியில் சென்னையில் நடந்த 'தக் லைஃப்' பட விழாவில், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல்ஹாசன் ஒரு வார்த்தை சொன்னார். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. விவகாரம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனது. குறித்த நாளில் படம் அங்கே வெளியாகவில்லை.

அந்த இரண்டு மூன்று வாரங்களில் பெங்களூருவின் பல தமிழ் வீடுகளில் ஏறக்குறைய ஒரே உரையாடல்தான். ஐ.டி. வேலையில் இருக்கும் மகன், "அவர் சொன்னதில் என்ன தப்பு?" என்பார். கல்லூரியில் படிக்கும் பேத்தி, "ரெண்டுமே ஒரே மூல மொழியில இருந்து வந்ததுதானே தாத்தா" என்று மொழியியல் பேசுவாள். அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்துக்கு வருஷம் தவறாமல் போகிற, வீட்டில் கன்னட வார்த்தை கலந்தால் திருத்துகிற எண்பது வயது தாத்தாவுக்குக் கோபம் வரும். "இந்த ஆளுக்கு எதுக்கு வேண்டாத வேலை? வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே?"

குடும்பம் இதற்கு உடனே ஒரு காரணம் கண்டுபிடிக்கும். அப்பா பயந்தாங்கொள்ளி. இல்லாவிட்டால் கட்சி மாறிவிட்டார். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் கெடுத்துவிட்டது. இல்லாவிட்டால் வயசாகிவிட்டது. நான்குமே சில வீடுகளில் சரியாக இருக்கலாம். பெரும்பாலும் இல்லை. ஏன் என்று பார்க்க அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

'அரசியல் கருத்து' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று விஷயங்கள்

1. பற்று. ஒரு தலைவர் மீதோ கட்சி மீதோ உள்ள ஒட்டுதல். காமராஜர் படம் மாட்டிய வீடு, அண்ணா பேச்சை மனப்பாடமாகச் சொல்லும் பெரியப்பா, எம்.ஜி.ஆர். என்றதும் கண் கலங்கும் பாட்டி எல்லாம் இந்த வகை. இது பெரும்பாலும் மாறாது. மாறாததால் இதற்கு அன்றாட வேலையும் அதிகம் இல்லை.

2. நிலைப்பாடு. குறிப்பிட்ட ஒரு பிரச்சினையில் எடுக்கும் பக்கம். காவிரி, மொழி, இடஒதுக்கீடு, விலைவாசி இப்படி. இது இடத்தைப் பொறுத்தது. தஞ்சாவூரில் இருக்கும் தம்பியின் காவிரி நிலைப்பாடும் பெங்களூருவில் இருக்கும் அண்ணனின் காவிரி நிலைப்பாடும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

3. ஓட்டு. இது தொகுதியையும் வார்டையும் பொறுத்தது. சாக்கடை அடைத்துக்கொண்டபோது யார் ஆள் அனுப்பினார், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க யார் கையெழுத்து வாங்கித் தந்தார் என்பதில் முடிவாகும்.

பெங்களூருவில் இந்த மூன்றும் மூன்று திசையில் இருப்பது சகஜம். அப்பாவின் பற்று சென்னையில் இருக்கும் ஒரு கட்சிக்கு. அந்தக் கட்சிக்கு இங்கே ஓட்டுப் போடப் பெரும்பாலும் ஆளே நிற்பதில்லை. நிலைப்பாடு, தெருவில் நிம்மதியாக நடக்க வேண்டும் என்பது. ஓட்டு, கர்நாடகத்தில் நிற்கும் ஏதோ ஒரு கட்சிக்கு. மகன் இவற்றில் ஒன்றைக் காதில் வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் ஊகித்துவிடுகிறார். குழப்பத்தில் பாதி அங்கேயே ஆரம்பிக்கிறது.

எந்த பெங்களூருத் தமிழர்?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1809-ல் ஆங்கிலேயர்கள் கண்டோன்மெண்ட் அமைத்த பிறகு, தலைமுறை தலைமுறையாக அல்சூர், சிவாஜிநகர், மர்ஃபி டவுன் பக்கம் இருந்துவரும் குடும்பங்கள் ஒரு வகை. இவர்களுக்கு "ஊர்" என்றால் பெங்களூருதான். சுதந்திரத்தை ஒட்டியும் அதற்குப் பிறகும் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். போன்ற பொதுத்துறைத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் இன்னொரு வகை. இவர்களுக்கு ஊர் வேலூரிலோ தர்மபுரியிலோ திருச்சியிலோ இன்னும் இருக்கிறது; பொங்கலுக்குப் போய்வருவார்கள். ஐ.டி. காலத்தில் வந்தவர்கள் மூன்றாவது வகை, அவர்களுடைய பெற்றோர் பலர் பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக முதல் இரண்டு வகை வீடுகளைப் பற்றியது.

இருபது வயது எங்கே கழிந்தது?

ஒருவரின் அரசியல் மனசு பதினேழு, பதினெட்டு வயதிலிருந்து இருபதுகளின் நடு வரைக்கும்தான் வேகமாக உருவாகிறது என்பது சமூகவியலில் பழைய கருத்து. கார்ல் மன்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928-ல் தலைமுறைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். 1930-களில் அமெரிக்காவின் பென்னிங்டன் கல்லூரி மாணவிகளைத் தியோடர் நியூகோம் ஆராய்ந்தார். அங்கே படித்தபோது மாறிய கருத்துகள் பல பத்தாண்டுகள் கழித்தும் பெரும்பாலோரிடம் அப்படியே இருந்தன. நினைவாற்றல் ஆய்வுகளும் இதை ஒட்டியே போகின்றன. முதியவர்களிடம் பழைய ஞாபகங்களைக் கேட்டால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலம்தான் அளவுக்கு மீறி வந்து விழுகிறது.

சரி, 1945-ல் பிறந்தவரை எடுத்துக்கொள்வோம்.

1. 1965-ல் அவருக்கு 20 வயது. தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டம். 1967-ல் தி.மு.க. ஆட்சி. பற்று இங்கே உறைகிறது.

2. 1969-ல் 24. காங்கிரஸ் உடைந்த வருஷம். அந்த உடைப்புக்கு முன்னோடியான அகில இந்திய காங்கிரஸ் கமிட்டிக் கூட்டம் ஜூலையில் நடந்தது இதே ஊர் லால்பாக் கண்ணாடி மாளிகையில்தான். அப்பாவின் தலைமுறைக்கு அது செய்தித்தாளில் வந்த அரசியல் மட்டும் கிடையாது. பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய அரசியல்.

3. 1975-ல் 30. எமர்ஜென்சி.

மூன்றாவதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் வீடுகளில் அதிகச் சண்டை வருவது இங்கேதான். "எமர்ஜென்சி மாதிரி ஒண்ணு வந்தாத்தான் இந்த நாடு உருப்படும்" என்று அப்பா சொன்னதும், அவர் சர்வாதிகாரத்தை விரும்புகிறார் என்று மகள் முடிவுகட்டுகிறாள். அப்பாவின் மனதில் இருப்பது அநேகமாக வேறு. ரயில் நேரத்துக்கு வந்தது. ஆபீசில் பத்து மணிக்கு ஆள் உட்கார்ந்திருந்தார். கையெழுத்துக்கு நாலு தடவை அலையவில்லை. இவை அவர் கண்ணால் பார்த்தவை. அத்வானியையும் வாஜ்பாயையும் இதே பெங்களூருவில் கைது செய்ததும், 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சியைக் கலைத்ததும் அவருக்குத் தெரியும். ஆனால் அவை கேள்விப்பட்டவை.

இங்கே மறுத்துப் பேசுவதைவிட ஒரு கேள்வி நன்றாக வேலை செய்யும்: "அந்த வருஷம் போனஸ் என்னப்பா ஆச்சு?" 1975-ல் குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தார்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்த பல அப்பாக்களுக்கு இது சட்டென்று ஞாபகம் வரும்; பேச்சின் தொனியே மாறும். பெங்களூரு பொதுத்துறை ஊழியர்கள் 1980 டிசம்பர் கடைசியில் தொடங்கி 77 நாள் நடத்திய வேலைநிறுத்தத்துக்கும் பேச்சு போகலாம். எமர்ஜென்சியைப் புகழ்ந்த அதே வாய் அந்த 77 நாளையும் பெருமையாகச் சொல்லும். கேட்பவர்களுக்கு இது முரண்பாடு. அவருக்கு அது முரண்பாடாகப் படவே படாது, ஏனென்றால் அவர் கொள்கையைச் சொல்லவில்லை, வருஷத்தைச் சொல்கிறார்.

1991

மேலே சொன்ன இருபது வயதுக் கணக்குக்கு அடங்காத வருஷம் ஒன்று உண்டு. 1991-ல் நம் ஆளுக்கு 46. கல்யாணம் ஆகி, கடன் வாங்கி வீடு கட்டி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் வயது. என்னைக் கேட்டால், பெங்களூருத் தமிழ் முதியவர்களின் அரசியலுக்குச் சாவி 1965-ஐவிட இந்த வருஷத்தில்தான் இருக்கிறது. இருபது வயதில் மனிதன் எதை நம்புவது என்று கற்றுக்கொள்கிறான். நாற்பத்தாறில் எதை வெளியே சொல்லாமல் இருப்பது என்று கற்றுக்கொள்கிறான்.

அந்த ஒரு வருஷத்தில் நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. மே 21: ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை.

2. ஜூன் 25: காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர். (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி.)

3. ஆகஸ்ட்: ராஜீவ் கொலை வழக்கில் தேடப்பட்ட சிவராசனும் கூட்டாளிகளும் பெங்களூரு ஓரத்தில் கோணனகுண்டே வீடு ஒன்றில் பிணமாகக் கிடைத்தார்கள். வாடகைக்கு வீடு கேட்டுவரும் தமிழ்க் குரலைச் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்தது.

4. டிசம்பர்: இடைக்கால உத்தரவு மத்திய அரசிதழில் வெளியானது. 12, 13 தேதிகளில் கலவரம். தமிழர்களின் வீடுகள், கடைகள், தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் தாக்கப்பட்டன. பலர் ஊரைவிட்டுப் போனார்கள்.

முதியவர்கள் இதைக் கலவரம் என்று சொல்வது அபூர்வம். "காவேரி கலாட்டா" என்பார்கள். சின்ன வார்த்தையாகத் தெரியும். பஸ்ஸில் தமிழில் பேசாதே என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது, வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்தது, அடைக்கலம் தந்த பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம், எல்லாம் அந்த வார்த்தைக்குள் அடக்கம்.

கடைசியாகச் சொன்னது முக்கியம். "கன்னடக்காரங்க நல்லவங்க" என்று அப்பா அடித்துச் சொல்வதை, உள்ளூருக்கு ஒத்து ஊதுவதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். பல வீடுகளில் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட கதவு எண் இருக்கிறது. ஒரு ராத்திரி அவர்களை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்ட கதவு.

அதே 1991-ல் அல்சூர் ஏரிக்கரையில் வைத்த திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடியபடியே நின்றது. 2009 ஆகஸ்ட் 9-ல் கருணாநிதி வந்து திறந்தார். எடியூரப்பா முதலமைச்சராக உடன் இருந்தார். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இளையவர்களுக்கு இது ஒரு சிலை திறப்பு விழா. மூடிய சிலையைப் பதினெட்டு வருஷம் பார்த்துக்கொண்டே நடந்துபோனவருக்கு, பேசாமல் காத்திருந்தால் ஒருநாள் திறப்பார்கள் என்பதற்கு அத்தாட்சி.

இடையில் 2000-ல் சந்தனக் கடத்தல் வீரப்பன் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி வைத்திருந்த 108 நாள். பிறகு 2016 செப்டம்பர் 12-ல் மறுபடி காவிரி; பஸ்கள் எரிந்தன, ஊரின் பல பகுதிகளில் ஊரடங்கு. 1991 முடிந்துபோன கதை என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்த மகனுக்கு அன்று பதில் இல்லை.

இப்போது கமல்ஹாசன் விஷயத்தில் அப்பா சொன்ன வாக்கியத்துக்குத் திரும்பலாம். "சும்மா இருக்க வேண்டியதுதானே?" மொழி வரலாறு பற்றி அவர் அதில் எதுவுமே சொல்லவில்லை. சென்னையில் ஒருவர் பேசினால் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஒருவர் கடையை மூட வேண்டியிருக்கும் என்ற கணக்கைச் சொல்கிறார். பயம் என்றால் பயம்தான், மறுக்கவில்லை. ஆனால் காரணத்தோடு வந்த பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்வது நியாயமில்லை.

காவிரியிலும் இதே கதை. "நாமளும் அந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறோம்" என்று அவர் சொன்னால் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அது துரோகம். ஆனால் தகவல் சரியானது. காவிரித் தண்ணீர் பெங்களூருக்குக் குழாயில் வரத் தொடங்கியது 1974-ல். 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பில், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய தண்ணீரை, நடுவர் மன்றத்தின் இறுதி உத்தரவில் இருந்த 192-லிருந்து 177.25 டி.எம்.சி. ஆகக் குறைத்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75-ல் 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் குடிநீர்த் தேவைக்காக. அந்த 4.75-ல் அப்பாவின் காலை காபியும் இருக்கிறது, கும்பகோணத்தில் அவர் தம்பியின் வயலுக்குப் போகாத தண்ணீரும் இருக்கிறது. இரண்டு பக்கமும் தெரிந்தவர் சுருதி குறைத்துப் பேசுவதில் ஆச்சரியம் என்ன?

அம்மாவின் அரசியல்

அப்பா சொல்வதையாவது தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அம்மா சொல்வதைக் கேட்பதே இல்லை. "அம்மாவுக்கு என்ன தெரியும், அப்பா சொல்ற இடத்துல குத்துவாங்க" என்பதோடு முடிந்துவிடும்.

அம்மாவின் அரசியலுக்குக் கட்சிப் பெயர் குறைவு, பொருட்கள் அதிகம். அரிசி, மண்ணெண்ணெய், கேஸ், பஸ், சத்துணவு. எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவைத் தொடங்கியது அவருக்குத் தெரியும், ஏனென்றால் ஊரில் அக்கா பிள்ளைகள் அதில் சாப்பிட்டார்கள். கர்நாடகத்தில் 2023 ஜூனில் பெண்களுக்கு அரசு பஸ் இலவசமானது. அந்த ஆகஸ்டில் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் திட்டம் வந்தது. "இவன் நல்லது செஞ்சிருக்கான்" என்று அம்மா சொன்னால், "ரெண்டாயிரத்துக்கு விலை போயிட்டியா?" என்று மகன் கேலி செய்வார்.

கேலி செய்கிற மகன் கவனிக்காத விஷயம்: எழுபத்தைந்து வயதில் முதல்முறையாக, யாரிடமும் காசு கேட்காமல், எங்கே போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், சிவாஜிநகரில் பஸ் ஏறி மல்லேஸ்வரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அம்மா போய்வருகிறார். அதைத் தந்தவருக்கு ஓட்டுப் போட நினைப்பதை விலைபோவது என்று சொன்னால், தன் சாலைக்கு மேம்பாலம் கேட்டு ஓட்டுப் போடும் மகனை என்னவென்று சொல்வது?

ஃபார்வர்டு என்பது கருத்தா?

2016 அமெரிக்கத் தேர்தலின்போது, பொய்ச் செய்தித் தளங்களின் இணைப்புகளை ஃபேஸ்புக்கில் பகிர்ந்ததில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், மிக இளைய பிரிவினரைவிடக் கிட்டத்தட்ட 7 மடங்கு அதிகம் என்று 2019-ல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் விட்டுவிடும் இன்னொரு முடிவும் அதில் உண்டு: ஆராயப்பட்டவர்களில் பெரும்பாலோர் அப்படி எதையுமே பகிரவில்லை.

முதுமையில் ஒரு தகவல் நினைவில் நிற்கும், அது எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோகும். "டாக்டர் சொன்னார்" என்பதும் "யாரோ அனுப்பினான்" என்பதும் ஒரே தட்டில் வந்துவிடும். இது பொதுவான மாற்றம், நோய் இல்லை.

அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படிக்கும் முறை:

1. காலை ஆறு மணிக்கு, முருகன் படத்தோடு சேர்த்து, நாற்பது பேருக்குப் போனதா? அது "எழுந்துட்டேன், நல்லா இருக்கேன்" என்ற தகவல். அரசியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. இரட்டை அம்புக்குறி இருக்கிறதா? பலமுறை கைமாறிய செய்தி என்று பொருள். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். அத்தனையையும் மீறி உங்களுக்கென்று தனியாக அனுப்பியிருந்தால், அவர் ஏதோ சொல்ல நினைக்கிறார்.

3. மேலே சொந்தமாக ஒரு வரி எழுதியிருக்கிறாரா? அந்த வரிதான் கருத்து. கீழே இருப்பது வெறும் காகிதம்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

கருத்து மாறியது என்பதற்காக யாரையும் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியதில்லை. எண்பது வயதில் கட்சி மாற அவருக்கு முழு உரிமை உண்டு. கவனிக்க வேண்டியது என்ன சொல்கிறார் என்பதைவிட எப்படிச் சொல்கிறார் என்பதை.

மணிக்கணக்கில், நாள்கணக்கில் திடீரென்று வரும் குழப்பம் ஒரு வகை. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று, வீட்டைச் சுற்றி கலாட்டாக்காரர்கள் நிற்கிறார்கள் என்கிறார், சாயங்காலமானால் அதிகமாகிறது. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை எதுவும் காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல நேரங்களில் சரிசெய்யக்கூடியது.

மாதக்கணக்கில் வருவது இன்னொரு வகை. வாழ்நாளில் கெட்ட வார்த்தை பேசாதவர் பேசுவது, அறிமுகமில்லாதவரிடம் கூச்சமில்லாமல் நடப்பது, பணக்கணக்கு தப்புவது, சொன்னதையே சொன்னது தெரியாமல் திரும்பச் சொல்வது. இவை அரசியல் பேச்சில் முதலில் வெளிப்படலாம், ஏனென்றால் வீட்டில் அவர் சத்தமாகப் பேசுவதே அதைத்தான். மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இதே ஊரில் இருக்கிறது. முதியோருக்கான பிரிவும் அங்கே உண்டு.

காது கேட்காததையும் மறக்கக் கூடாது. டி.வி. விவாதம் கத்தலாக இருப்பதால் அது மட்டும் அவருக்குக் கேட்கிறது. வீட்டுக்காரர்கள் மெதுவாகச் சொல்லும் பதில் கேட்பதில்லை. "யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்கறார்" என்பது சில வீடுகளில் அப்படியே உண்மை.

ஓட்டு யாருடையது?

"அப்பாவுக்கு ஞாபகமே சரியில்லை, அவர் ஓட்டை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்பவர்களுக்கு, சட்டம் சொல்வது இது.

1. சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று ஒருவரின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க, தகுதியுள்ள நீதிமன்றம் அப்படி அறிவித்திருக்க வேண்டும். இது 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 16-ஆவது பிரிவு. மகனோ மருமகளோ முடிவுசெய்ய முடியாது.

2. பார்வையோ உடம்போ ஒத்துழைக்காதவர் துணைக்கு ஒருவரை வாக்குச்சாவடிக்குள் கூட்டிப்போகலாம். துணைக்கு 18 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அன்று வேறு யாருக்கும் துணையாகப் போயிருக்கக் கூடாது. ஓட்டு எங்கே போனது என்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நானே போடுகிறேன் என்பது நடக்காது.

3. கர்நாடகத்தில் 2023 சட்டமன்றத் தேர்தலில் 80 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடும் வசதி வந்தது. 2024 மார்ச்சில் வயது வரம்பு 85 ஆனது. விரும்புகிறவர் அதற்கான 12டி படிவத்தை, தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் வீட்டுக்கு வருவார்கள், போலீஸ் வரும், வீடியோ எடுப்பார்கள். சீட்டில் குறியிடுவதை மட்டும் யாரும் பார்க்கக் கூடாது. அதற்கு மறைவு வைப்பார்கள்.

நாற்பது வருஷமாக அப்பா எந்தக் கட்சி என்று சாப்பாட்டு மேஜையில் வாதாடிய மகனும், அந்த ஐந்து நிமிஷம் மறைவுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும்.